பாய லேபார் ரன்வே மேல ஊர் கட்டப்போறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூர்ல பாய லேபார் ஆகாயப்படைத் தளம் போனதுக்கு அப்புறம் அங்க என்ன வரணும்னு வரைபடம் போட்டுட்டு இருக்கற யூஆர்ஏ (நகர மறுசீரமைப்பு ஆணையம்) அதிகாரிகளுக்கும், ஏர்போர்ட் ரோட்ல இருக்கற ஆகாயப்படை அருங்காட்சியகத்தைப் பாத்துக்கறவங்களுக்கும்,

வணக்கம். நான் ஹவ்காங்ல குடியிருக்கறவன், வயசு அறுபதைத் தாண்டிருச்சு. இருபது வருஷத்துக்கு மேல ஆகாயப்படைல டெக்னீசியனா இருந்தேன். பைலட் இல்ல, அதை மொதல்லயே சொல்லிடறேன், ஏன்னா எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் "ஏர்ஃபோர்ஸா? எந்த பிளேன் ஓட்டினீங்க?"ன்னுதான் கேப்பாங்க, "ஓட்டல, துடைச்சேன்"னு சொன்னா மொகம் ஒரு மாதிரி ஆயிரும். என் சம்சாரம் இதுக்குன்னே ஒரு பதில் வச்சிருக்கா, "அவர் சரின்னு கையெழுத்துப் போட்டாத்தான் பைலட்டு ஏறவே முடியும்"னு. கொஞ்சம் ஜாஸ்திதான், ஆனா பொய் இல்ல.

விஷயத்துக்கு வரேன். 2013 தேசிய தினப் பேரணி உரைலதான் அப்பப் பிரதமரா இருந்த லீ, 2030க்கு மேல பாய லேபார் தளத்தை எடுத்துருவோம், 800 ஹெக்டர் நிலம் கெடைக்கும்னு சொன்னாரு. 2022 உரைல படத்தோட வந்துச்சு, ஒண்ணரை லட்சம் வீடு, ரன்வேயை இடிக்காம ஊருக்கு நடுவுல பச்சையா விடலாம், பழைய டெர்மினல், கன்ட்ரோல் டவர், ஹேங்கர் (விமானம் நிறுத்தற கொட்டகை) இதெல்லாம் வச்சுக்கலாம்னு யோசனை. பாத்து சந்தோஷப்பட்டேன், உண்மையாவே. இந்த ஊர்ல பழசு ஒண்ணு நிக்கப்போகுதுன்னா அதுவே பெரிய விஷயம்தானே. ஆனா படத்தை நாலு தடவை பெருசு பண்ணிப் பாத்தேன், அந்த ஹேங்கருக்குள்ள என்ன இருக்கும்னு மட்டும் தெரியல. காப்பிக்கடை வரும்னு என் மவன் சொல்றான், கண்ணாடி போட்டு ஏர்கான் போட்டு. வரட்டும், குடிப்போம். ஆனா ஒரு ஹேங்கராவது, அதுல ஒரு மூலையாவது, எங்க வேலைக்குன்னு விடுங்கன்னு கேக்கத்தான் இந்த மடல்.

எங்க வேலைன்னா என்னன்னு கொஞ்சம் சொல்றேன், ஏன்னா விமானம் என்னென்ன இருந்துச்சுங்கறது எல்லாருக்கும் தெரியும், நீங்களே வெளியில நிறுத்தி வச்சிருக்கீங்க. 1968 ஜனவரில இங்கிலீஷ்காரன் 1971க்குள்ள கெளம்பிருவேன்னு சொல்லி, அதே வருஷம் செப்டம்பர்ல ஆகாயத் தற்காப்புத் தலைமையகம்னு ஒண்ணு ஆரம்பிச்சு, எட்டே எட்டு செஸ்னா 172 வாங்கி ஓட்டக் கத்துக்கிட்டது, அப்புறம் ஸ்ட்ரைக்மாஸ்டர், ஹன்டர், 1975ல தான் இப்ப இருக்கற ஆகாயப்படைங்கற பேரு, இதெல்லாம் பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களே ஒப்பிக்கும். அதுங்களுக்குத் தெரியாதது, அந்த ஹன்டரைக் காலைல ஆறு மணிக்கு யாரு வெளிய தள்ளினாங்கங்கறது.

நான் சேந்தப்ப ஸ்கைஹாக், தெங்கா தளத்துல. அந்த விமானத்தோட கதையே நம்ம ஊரு கதைதான். அமெரிக்கா நேவி ஓட்டி முடிச்சு அரிசோனா பாலைவனத்துல வரிசையா நிறுத்தி வச்சிருந்த பழைய வண்டியை 1972ல வாங்கினோம். புதுசுக்குக் காசு இல்ல, அவ்ளோதான். கொண்டாந்து பிரிச்சு, வயரு மாத்தி, மறுபடி பூட்டி. ரெண்டு பேர் உக்காரற பயிற்சி விமானம் வேணும்னதும், நீட்டி வெட்டி முன்னால ஒரு கண்ணாடிக் கூடு பின்னால ஒரு கண்ணாடிக் கூடுன்னு தனித்தனியா வச்சாங்க, ஒட்டகம் மாதிரி இருக்கும், உலகத்துல வேற எங்கயும் அந்த மாதிரி ஸ்கைஹாக் கெடையாது. 80கள்ல சில விமானம் விழுந்துச்சு, பழைய ஜே65 எஞ்ஜினை நம்பமுடியாமப் போச்சு, அதை எடுத்துட்டு எஃப்404ஐப் பொருத்தினாங்க, 1986ல முதல்ல பறந்துச்சு. அதுக்கு சூப்பர் ஸ்கைஹாக்னு பேரு. கப்பல்ல நிக்கறதுக்குன்னு செஞ்ச சின்ன றெக்கை, மடிக்கக்கூட வேணாம், ஆனா காலு மட்டும் கொக்கு மாதிரி ஒசரம். காக்பிட்டைப் பாக்கணும்னா ஏணி, வயித்தைப் பாக்கணும்னா குனியவே வேணாம், அப்படியே நடந்து போலாம், நடந்து போயி மண்டைல இடிச்சிக்கலாம். எனக்கு இடது புருவத்துக்கு மேல ஒரு தழும்பு இருக்கு.

காலைல மொத வேலை ஃபாட் வாக். சேவை செஞ்ச பயலுகளுக்குத் தெரியும், மத்தவங்களுக்குச் சொல்றேன். எல்லாரும் தோளோட தோளா ஒரே வரிசையா நின்னு, விமானம் நிக்கற தார்மாக்ல தரையப் பாத்துக்கிட்டே நடக்கணும். கல்லு, ஆணி, ரிவெட்டு, ரப்பர் துண்டு, எது கெடந்தாலும் பொறுக்கிப் பைல போடணும், ஜெட் எஞ்ஜின் தரையில கெடக்கறதை உறிஞ்சிரும், ஒரு சின்ன நட்டு உள்ள போனா பிளேடு எல்லாம் போச்சு. ஆபீசரும் நடப்பாரு, நேத்து சேந்த என்எஸ் (கட்டாய தேசிய சேவை) பையனும் நடப்பான், எங்க என்சிக்கும் நடப்பாரு. (வாரண்ட் ஆபீசரை நாங்க என்சிக்னுதான் கூப்புடுவோம், மலாய் வார்த்தை. கவாத்துக்குச் சொல்ற கட்டளையும் மலாய்தான், செடியா, செனாங் டிரின்னு. வேலைச் சட்டம் இங்கிலீஷ்ல, திட்டு ஹாக்கியன்ங்கற சீனப் பேச்சுல, சாப்பாட்டு நேரத்துல மட்டும் தமிழு.) குனிஞ்ச தலை நிமிராம நடக்கறதுனால பேச்சு மட்டும் நல்லா ஓடும். என் கல்யாணப் பேச்சே ஒரு ஃபாட் வாக்லதான் ஆரம்பிச்சுச்சு, பக்கத்துல நடந்த கார்ப்பரல் தன் பெரியம்மா மவளைப் பத்தி சொல்லிக்கிட்டே வந்தான்.

அடுத்தது டூல். டூல் பெட்டியத் தெறந்தா உள்ள நுரைத் தட்டு, ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதோட உருவத்துலயே ஒரு பள்ளம். செவுத்துல மாட்டற பலகைன்னா ஒவ்வொண்ணோட நெழலும் பெயின்ட்ல வரைஞ்சிருக்கும், அதான் ஷேடோ போர்டு. எடுத்தா உங்க பேரு போட்ட வில்லையை அங்க மாட்டணும். வேலை முடிஞ்சு எண்ணும்போது ஒரு நெழல் காலியா இருந்தா அவ்ளோதான், எல்லாம் நிக்கும். எந்த ஸ்குவாட்ரன்னு சொல்ல மாட்டேன், ஒருநாள் சாயங்காலம் ஒரு சாக்கெட் காணோம், சுண்டுவிரல் அளவு. அன்னைக்கு அந்தப் பெட்டி போன விமானம் அத்தனையும் நிறுத்தியாச்சு, பேனல் ஒவ்வொண்ணா கழட்டி டார்ச் அடிச்சு, கண்ணாடி வச்சுப் பாத்து, குப்பைத்தொட்டிய தரையில கொட்டி, ராத்திரி பதினொண்ணு ஆயிருச்சு. கடைசில ஒருத்தன் தன் ஓவரால்ஸ் கால் பாக்கெட்ல கைய விட்டான், அவன் மொகம் போன போக்கு இருக்கே. அவன யாரும் அடிக்கல, திட்டக்கூட இல்ல, என்சிக் மட்டும் வந்து "சாப்ட்டியாடா"ன்னு கேட்டாரு. அவன் அழுதுட்டான். அவன் மறைக்காம சொன்னானே, அதுக்குத்தான் அந்த சாப்ட்டியா. தப்ப ஒத்துக்கிட்டவனுக்கு பயம் வந்துருச்சுன்னா அடுத்தவன் ஒளிப்பான், ஒளிச்சா விமானம் விழும். இந்தக் கணக்கு எந்த மியூசியத்துல எழுதியிருக்கு சொல்லுங்க?

மழை, இடி பத்தியும் சொல்லணும். நம்ம ஊர்ல வருஷத்துல பாதி நாளுக்குக் கிட்ட எங்கயாவது இடி இடிச்சிட்டுத்தான் இருக்கும். கேட் ஒன்னுன்னு (அதான் மின்னல் எச்சரிக்கை) மைக்ல சொன்னா லைன்ல இருக்கறவன் அத்தனை பேரும் உள்ள ஓடி வரணும், சுத்தி வெட்டவெளி, நடுவுல இரும்பு விமானம், அதுக்குப் பக்கத்துல எரிபொருள் வண்டி. பாதி பூட்டின பேனலை அப்படியே விட்டுட்டு வந்து ஷெட்ல உக்காந்து வெளிய பாத்துக்கிட்டே இருப்போம், ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம், கோப்பி ஆறிப்போகும், அந்தப் பேனல் மட்டும் மனசுல உறுத்திட்டே இருக்கும், எத்தனை ஸ்க்ரூ போட்டேன் எத்தனை போடலன்னு. இப்பவும் வீட்ல இடி இடிச்சா நான் எந்திரிச்சு உக்காந்துருவேன். சம்சாரம் "கேட் ஒன்னா?"ன்னு கேட்டுட்டு திரும்பிப் படுத்துக்குவா.

லிம் சூ காங் ரோட்ட ரன்வேயா மாத்தற பயிற்சிய டிவில பாத்திருப்பீங்க, டோரண்ட்னு பேரு, 2016 நவம்பர்ல கூட நடந்துச்சு. தெங்கா பக்கத்துல ரெண்டரை கிலோமீட்டர் நேர் ரோடு. பஸ் ஸ்டாப்பைக் கழட்டி, லைட் கம்பத்தைக் கழட்டி, ரோட்டுப் பலகைய எல்லாம் எடுத்து, ரெண்டு நாள்ல ரன்வே ஆக்கினாங்க. ஜெட் எறங்கறதைத்தான் எல்லாரும் படம் எடுத்தாங்க. நான் 90கள்ல அங்க நின்னேன். ரோடு ரோடுதான், லாரி போன ரோடு, தார்ல பொதைஞ்ச ஜல்லி, எவனோ தின்னுட்டுப் போட்ட சத்தே குச்சி. வண்டி வச்சுக் கூட்டிட்டாங்க, அப்புறமும் நாங்க நடந்தோம், குனிஞ்சுக்கிட்டு, ஒரு பக்கம் சுவா சூ காங் இடுகாடு. எங்க அப்பாருக்கு மேல ஒரு தாத்தாவை அந்தப் பக்கம்தான் பொதைச்சிருக்கு. கல்லு பொறுக்கிக்கிட்டே போனப்ப மனசுக்குள்ள ஒரு கும்புடு போட்டுட்டுத்தான் போனேன்.

நாடு சின்னது, அதுதான் எல்லாத்துக்கும் காரணம். கிழக்கால இருந்து மேற்கால 50 கிலோமீட்டர், மணிக்கு 900ல போற ஜெட்டுக்கு மூணு நிமிஷம் சொச்சம், திரும்பறதுக்கே பக்கத்து நாட்டு வானம் வேணும். அதனாலதான் புள்ளைங்களை ஊர் ஊரா அனுப்பினோம், ஆஸ்திரேலியால பியர்ஸ், ஓக்கி, அமெரிக்கால லூக், மவுண்டன் ஹோம், மேற்கு வங்காளத்துல கலைகுண்டா, பிரான்ஸ்ல கசோ. பைலட் போனா பின்னாலயே நாங்களும், எங்க பின்னாலயே பொஞ்சாதி புள்ளைங்களும். 1998ல கசோல ஸ்கைஹாக் பயிற்சி ஆரம்பிச்சதுக்கு அப்புறம் என்னையும் அனுப்பினாங்க. மொத குளிர்காலத்துல ஸ்பேனரைத் தொட்டா விரல் ஒட்டிக்கிச்சு, தெங்கா வெயில்ல அதே ஸ்பேனர் சுட்டுச்சு. சின்ன ஊரு, பக்கத்துல பெரிய மணல் மேடு, கடல். என் சம்சாரத்துக்கு பிரெஞ்சு தெரியாது, கருவேப்பிலை கெடைக்காது. பாரிஸ்ல லா ஷப்பல்ல யாழ்ப்பாணத்து ஆளுங்க கடை இருக்குன்னு கேள்விப்பட்டு, லீவுக்குப் போனப்ப ஒரு பெட்டி நெறைய கருவேப்பிலை, முருங்கைக்கா, மஞ்சத்தூள் வாங்கிட்டு வந்தா. கடைக்காரர் "எந்த இடம் நீங்க?"ன்னு கேட்டிருக்காரு, இவ "சிங்கப்பூர், அவர் ஏர்ஃபோர்ஸ்"னு சொல்லியிருக்கா, அவர் ஒரு நிமிஷம் பேசல. ஏர்ஃபோர்ஸ்ங்கற வார்த்தை அவர் காதுல எப்படி விழுந்திருக்கும்னு எங்களுக்குப் பொறகுதான் உறைச்சிச்சு. ஆனாலும் மிளகாத்தூள் ஒரு பொட்டலம் சும்மா குடுத்து அனுப்பினாரு. அந்தத் தூளு மூணு மாசம் வந்துச்சு, ஸ்குவாட்ரன்ல சீனப் பசங்க, மலாய்ப் பசங்க எல்லாம் எங்க வீட்லதான் ஞாயித்துக்கெழமை.

திரும்பி வந்து பாய லேபார், எஃப்-5. அதுக்கு ஒரு தனி குணம், தானா எஞ்ஜின் ஸ்டார்ட் ஆகாது, ஏர் கார்ட்டை இழுத்துட்டு வந்து குழாய மாட்டி காத்தடிச்சாத்தான் சுத்தும். அந்த வண்டி போடற சத்தம் விமானத்தைவிட மோசம். மூக்குச் சக்கரத்துக் காலை நீட்டிக்கலாம், டேக் ஆஃப் எடுக்கும்போது மூக்கத் தூக்கிக்கிட்டு நிக்கும், கோவிச்சிக்கிட்ட மாதிரி. எஞ்ஜின் எடுக்கணும்னா வாலையே மொத்தமா கழட்டிப் பின்னால உருட்டிருவோம், எஞ்ஜின் ரெண்டும் தண்டவாளத்துல வெளிய வரும். எறங்கினதும் வாலுல இருந்து டிராக் சூட், அதான் வேகத்தைக் குறைக்கற பாராசூட், விரியும், ரன்வே கடைசில அதை விட்டுட்டுப் போயிருவாங்க, ஒரு வண்டி போயி பொறுக்கிட்டு வரும். மழைல நனைஞ்சதை தொங்கவிட்டுக் காயவச்சு, நீளமான மேசைல பரப்பி, சுருக்கம் எடுத்து, மறுபடி மடிச்சு, மிதிச்சு, குத்தித் திணிச்சு மூட்டை கட்டணும், பொடவை மடிக்கத் தெரிஞ்சவனுக்கு அந்த வேலை சுளுவா வரும்னு எங்கள்ல ஒருத்தன் சொல்லுவான், அவன் வீட்ல ஜவுளிக்கடை. 1979ல வந்த எஃப்-5, 2015ல ஓய்வு குடுத்தப்ப 36 வருஷம். அதுக்கு முன்னாலயே நானும் வெளிய வந்துட்டேன், ஆனா கடைசியா பறந்தப்ப வீட்டுத் தாழ்வாரத்துல நின்னு பாத்தேன், சத்தத்தை வச்சே சொல்லுவேன் அது எஃப்-5னு. இப்ப தலைக்கு மேல எஃப்-15 போகுது. தெங்காவுக்கு எஃப்-35 வருது, மொத்தம் இருபது, பி ரகம் 12, ஏ ரகம் 8. கம்ப்யூட்டரே கோளாறு என்னன்னு சொல்லிருமாம். நல்லது. ஆனா தரையில கெடக்கற கல்ல இன்னும் மனுசன்தான் குனிஞ்சு எடுக்கணும்.

அப்ப நான் என்ன கேக்கறேன்? விமானம் கேக்கல, அது உங்ககிட்ட இருக்கு. ஒரு ஹேங்கர் மூலைல ஒரு டூல் பெட்டி, தெறந்து வச்சு, ஒரே ஒரு பள்ளம் காலியா. ஒரு ஏர் கார்ட். டிராக் சூட் மடிக்கற அந்த நீள மேசை, புள்ளைங்க மடிச்சுப் பாக்கட்டும். சிவப்பு நாடா போட்ட பின்னு, பறக்கறதுக்கு முன்னால உருவி எண்ணிப் பைலட்டுக்குக் காட்டுவோமே, அது. கோளாறு எழுதற லாக் புத்தகம் ஒண்ணு, ரகசியம் இருந்தா அந்தப் பக்கத்த மறைச்சிக்குங்க. கேன்டீன் மேசை கூட. அப்புறம் ஆளுங்க பேச்சு. வாய்மொழி வரலாறு எடுக்கறதுக்கு 1979ல இருந்து ஒரு நிலையமே நம்ம ஆவணக் காப்பகத்துல இருக்கு, ஜெனரலுங்க பேசினது போதும், எங்க என்சிக் மாதிரி ஆளுங்களை உக்காரவச்சுப் பேசச் சொல்லுங்க, தமிழ்ல, மலாய்ல, ஹாக்கியன்ல, அவங்களுக்கு எது வாயில வருதோ அதுல. அவருக்கு எம்பது ஆச்சு, ரொம்ப தள்ளிப்போட முடியாது. போன தீபாவளிக்குப் போனேன், காது சுத்தமா கேக்கல, எஞ்ஜின் தின்ன காது, ஆனா சாக்கெட் கதைய ஆரம்பிச்சதும் அளவு உட்பட சொன்னாரு.

அந்தத் தளத்துக்கும் எங்க குடும்பத்துக்கும் அதுக்கு முன்னாலயே பழக்கம். 1955ல திறந்து, 1981ல சாங்கி வர்ற வரைக்கும் அதுதானே சிவில் ஏர்போர்ட். எங்க வீட்ல ஊருக்குப் போனா கப்பல்தான், ரஜூலா, அப்புறம் சிதம்பரம். ஏரோபிளேனுக்குக் காசு ஏது. ஆனா ஞாயித்துக்கெழமை சாயங்காலம் அம்மா புளிசோறு கட்டி, அப்பா எங்க நாலு பேரையும் பஸ்ல கூட்டிட்டுப் போயி, வேடிக்கை பாக்கற மாடத்துல நிறுத்துவாரு. கான்கார்ட் வந்து நின்னதை அங்கதான் பாத்தேன். யாரும் ஏறல, யாரும் எறங்கல எங்க வீட்ல, சும்மா பாத்துட்டு வந்தோம். அந்த டெர்மினலை வச்சுக்கறதா இருந்தா மாடத்தையும் வச்சுக்குங்க, கண்ணாடி போட்டு மூடிறாதீங்க.

கடைசியா ஒண்ணு, இதுக்கு காசே ஆகாது. தளம் மூடற அன்னைக்கு, கடைசி விமானம் போனதுக்கு அப்புறம், புல்டோசர் வர்றதுக்கு முன்னால, அங்க வேலை பாத்த பழைய ஆளுங்களை ஒரு காலைல உள்ள விடுங்க. ரன்வே ஒரு முனைல வரிசையா நிக்கறோம், தோளோட தோளா, மறு முனை வரைக்கும் நடக்கறோம், கல்லு பொறுக்கிக்கிட்டு. பொறுக்கின பையை வாசல்ல ஒப்படைச்சுட்டுப் போயிடறோம். ஆறரைக்கு ஆரம்பிச்சா நல்லது, வெயில் ஏறிட்டா முட்டி தாங்காது. பாதில உக்கார ரெண்டு மூணு நாற்காலி போட்டு வைங்க, என்சிக்கைத் தள்ளிட்டு வர சக்கர நாற்காலிய நாங்களே கொண்டாரோம், அதோட சக்கரத்துல கல்லு சிக்கியிருக்கான்னு கேட்லயே பாத்துடறோம்.

இப்படிக்கு,
ஹவ்காங்ல இருந்து ஒரு பழைய டெக்னீசியன்

பி.கு: டூல் எதையாவது ஞாபகத்துக்கு வீட்ல வச்சிருப்பேன்னு கேக்காதீங்க. ஒண்ணு கூட இல்ல. எண்ணிக் குடுத்துட்டுத்தான் வந்தேன்.